கூலி அளந்த மரக்காலும் உலக வங்கி மரக்காலும்

கீழத்தஞ்சைப் பண்ணைகளில் ரெண்டு மரக்கால் இருந்தது. குத்தகை நெல்லை உள்ளே வாங்கும்போது ஒன்று, கூலி நெல்லை வெளியே அளக்கும்போது இன்னொன்று. ரெண்டுக்கும் பேர் மரக்கால்தான். களத்துமேட்டில் நின்ற பண்ணையாளுக்கு எது எந்த மரக்கால் என்று கண்ணை மூடிக்கொண்டே தெரியும். கேட்கத்தான் முடியாது. கேட்டால் சாணிப்பால், சவுக்கடி. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதற்கும் சங்கத்தை விட்டு விலக மறுத்ததற்கும் 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேரை ஒரே குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். அளக்கிற உரிமை யாரிடம் இருக்கிறதோ அவனிடம்தான் அதிகாரம் இருக்கிறது. இதை நமக்கு எந்தப் பொருளாதாரப் பேராசிரியரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது மரக்கால் களத்துமேட்டை விட்டு டெல்லிக்கும் வாஷிங்டனுக்கும் போய்விட்டது. 'தொழில் செய்ய உகந்த நாடு', 'போட்டித்திறன்', 'தொழில்முனைவு' என்று புதுசு புதுசாகப் பேர் வைத்து நாட்டின் முன்னேற்றத்தை அளக்கிறார்கள். அளந்து முடித்து ஒரு எண்ணைச் சொல்கிறார்கள். அந்த எண் ஏறினால் ஆட்சி முன்னேறிவிட்டது, இறங்கினால் பின்தங்கிவிட்டது. நாம் கேட்பது ஒன்றுதான்: இந்த மரக்கால் யார் வீட்டு மரக்கால்?

142-லிருந்து 63: ஒரு எண்ணின் ஊர்வலம்

2014 அக்டோபரில் வெளிவந்த உலக வங்கியின் 'டூயிங் பிசினஸ்' அறிக்கையில் இந்தியாவுக்கு 142-ஆம் இடம். 50-க்குள் வந்தே தீருவோம் என்று மோடி அரசு சபதம் போட்டது. 2017 அறிக்கையில் 100, 2018-ல் 77, 2019 அக்டோபரில் 63. ஐந்தே வருஷத்தில் 79 படி. பத்திரிகைகளில் முழுப்பக்கப் பாராட்டு. தொலைக்காட்சியில் பட்டாசு. சேரியில் இருக்கிற நமக்கே ஒரு நிமிஷம், 'அட, நம்ம நாடும் ஏறிடுச்சு போலிருக்கே' என்று தோன்றுகிற அளவுக்கு மேளம்.

மேளத்தை நிறுத்திவிட்டு மரக்காலைத் திருப்பிப் பார்ப்போம்.

முதலாவது, 130 கோடி ஜனங்கள் வாழ்கிற நாட்டை அளக்க உலக வங்கி ரெண்டே ரெண்டு ஊர்களைத்தான் எடுத்துக்கொண்டது: மும்பை, டெல்லி. திண்டிவனம் கிடையாது, ஆம்பூர் கிடையாது, பீகாரின் எந்தக் கிராமமும் கிடையாது. இரண்டாவது, யாரைக் கேட்டார்கள்? பெரும்பாலும் கம்பெனி வக்கீல்களை, கணக்காயர்களை, கட்டட வல்லுநர்களை. மூன்றாவது, எதை அளந்தார்கள்? கற்பனையாக ஒரு கம்பெனியை நிறுத்திவைத்து, அது பதிவு செய்ய எத்தனை நாள், கரண்டு வாங்க எத்தனை நாள், ஒரு கிடங்கு கட்ட அனுமதி வாங்க எத்தனை படிவம் என்று எண்ணினார்கள். கட்டட அனுமதி என்ற ஒரே தலைப்பில் மட்டும் இந்தியா 2017 அறிக்கையில் 181-ஆம் இடம், 2019 அறிக்கையில் 27-ஆம் இடம். ரெண்டே வருஷம்! இந்த ரெண்டு வருஷத்தில் நாட்டில் எத்தனை ஆயிரம் குடிசைகள் 'ஆக்கிரமிப்பு' என்று இடிக்கப்பட்டன? அந்தக் கணக்குக்கு அறிக்கையில் இடம் கிடையாது. அதே அறிக்கையில், ஒப்பந்தத்தை நீதிமன்றம் மூலம் நிறைவேற்றுவதில் இந்தியா 163-ஆம் இடம். சொத்துப் பதிவில் 154. எதை மாற்றினால் எண் சீக்கிரம் ஏறுமோ அதை மாற்றினார்கள். ஏழைக்கு எது தேவையோ, அதாவது பத்திரமும் நீதியும், அது இருந்த இடத்திலேயே கிடந்தது.

இன்னொரு சங்கதி. ஆரம்ப வருஷங்களில் இந்த அறிக்கையில் 'தொழிலாளியை வேலைக்கு அமர்த்துதல்' என்றொரு தலைப்பு இருந்தது. ஆளை எவ்வளவு சுலபமாக எடுக்கலாம், எவ்வளவு சுலபமாகத் துரத்தலாம் என்பதற்கு மார்க். துரத்துவது சுலபமாக இருந்தால் மார்க் அதிகம்! உலகத் தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்த பிறகு, 2009-க்குப் பின்னால்தான் அதைத் தரவரிசைக் கணக்கிலிருந்து எடுத்தார்கள். எடுத்தது கணக்கிலிருந்து, அவர்கள் நினைப்பிலிருந்து அல்ல.

கடைசியில் என்ன ஆச்சு? 2018 ஜனவரியில் உலக வங்கியின் தலைமைப் பொருளாதார அறிஞர் பால் ரோமரே சிலி நாட்டின் தரவரிசை விஷயத்தில் கேள்வி எழுப்பினார், அந்த மாதமே பதவியிலிருந்து விலகினார். 2020-ல் சீனா, சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், அஜர்பைஜான் ஆகிய நாடுகளின் எண்களில் முறைகேடு வெளிப்பட்டது. 2021 செப்டம்பர் 16 அன்று உலக வங்கி அந்த அறிக்கையையே இழுத்து மூடியது. இந்தியாவின் எண்ணைத் திருத்தினார்கள் என்று அந்த விசாரணை சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. திருத்தாமலே அளந்தாலும் அது பண்ணையார் மரக்கால் என்பதுதான் நாம் சொல்வது. அளந்தவனே மரக்காலை உடைத்துப் போட்ட பிறகும், அது தந்த 63-ஐ மட்டும் இங்கே மேடைதோறும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கற்பனைக் கம்பெனிக்கு சாதி கிடையாது

உலக வங்கி கற்பனை செய்த அந்தக் கம்பெனி முதலாளியைக் கொஞ்சம் பாருங்கள். அவருக்கு அப்பா பேர் கிடையாது, ஊர் கிடையாது, தெரு கிடையாது. அவர் கடை வைக்க இடம் கேட்டுப் போனால் 'நீங்க எந்தத் தெரு?' என்று யாரும் கேட்கமாட்டார்கள். அவர் டீக்கடை போட்டால் ஊர்க்காரன் வந்து டீ குடிப்பான். அவர் மளிகை வைத்தால் ஊர்ப் பெண்கள் வந்து அரிசி வாங்குவார்கள். அவர் பேங்குக்குப் போனால் அடமானம் வைக்கப் பாட்டன் சொத்து இருக்கும். அப்படி ஒரு ஆள் இந்த நாட்டில் இருக்கிறான். அவன் ஆதிக்க சாதிக்காரன். அவனைத்தான் 'பொதுவான தொழில்முனைவோர்' என்று பேர் சூட்டி அளந்திருக்கிறார்கள்.

நம்ம ஆள் ஒருவர் தொழில் தொடங்கிய கதையைச் சொல்கிறேன். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவர். பம்பாய்க்குத் திரும்பிவந்து, பங்குகள், முதலீடுகள் பற்றி வியாபாரிகளுக்கு ஆலோசனை சொல்கிற தொழிலைத் தொடங்கினார். அந்தக் காலத்து இந்தியாவில் அந்தத் தொழிலுக்கு அவரைவிடத் தகுதியான ஆளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர் தீண்டப்படாத சாதி என்று தெரிந்தது. வாடிக்கையாளர்கள் வருவது நின்றது. தொழில் மூடியது. அவர் பேர் பீமாராவ் ராம்ஜி அம்பேத்கர். எந்தப் படிவம் குறைந்தது அவருக்கு? எந்த லைசென்ஸ் கிடைக்கவில்லை? வெள்ளைக்காரன் சட்டத்தில் அவர் தொழில் செய்ய ஒரு தடையும் இல்லை. தடை வேறொரு சட்டத்தில் இருந்தது. அந்தச் சட்டம் அரசிதழில் அச்சாகிற சட்டம் அல்ல.

1991-க்குப் பிறகு 'லைசென்ஸ் ராஜ் ஒழிந்தது' என்று கொண்டாடுகிறவர்களைக் கேட்கிறோம்: சாதி என்பதே இந்த நாட்டின் ஆகப் பழைய லைசென்ஸ் ராஜ்தானே? எவன் எதை விற்கலாம், எவன் எதைத் தொடலாம், எவன் எந்தத் தெருவில் கடை போடலாம் என்று தீர்மானித்த லைசென்ஸ் அதுதானே? அதை ஒழித்ததற்கு எந்த அரசு மார்க் வாங்கியிருக்கிறது? அதை அளப்பதற்குத் தரவரிசையில் எந்தத் தலைப்பு இருக்கிறது?

அரசே தந்த 0.00

'இதெல்லாம் பழைய கதை, இப்ப யார் சார் சாதி பாக்குறா?' என்று கேட்கிற நண்பர்களுக்கு அரசாங்கத்தின் சொந்தக் கணக்கையே எடுத்துக் கொடுப்போம். தேசிய மாதிரி ஆய்வின் 73-ஆம் சுற்று, 2015-16. சிறு, குறு, நடுத்தரத் தொழில் அமைச்சகமே தன் ஆண்டறிக்கையில் அச்சடித்த அட்டவணை. நாட்டில் மொத்தம் சுமார் 6 கோடியே 34 லட்சம் தொழில் அமைப்புகள். இதில் தலித்துகளிடம் இருப்பவை 12.45 சதவீதம். 2011 மக்கள்தொகைக் கணக்கில் நாம் 16.6 சதவீதம். 'பரவாயில்லையே, கிட்டத்தட்ட வந்துட்டீங்களே' என்பார்கள். பொறுங்கள். மேலே போகப் போக என்ன ஆகிறது என்று பாருங்கள்.

குறுந்தொழில்களில் நம் பங்கு 12.48 சதவீதம். சிறுதொழில்களில் 5.50 சதவீதம். நடுத்தரத் தொழில்களில் 0.00 சதவீதம்.

அச்சுப்பிழை இல்லை, தோழர்களே. பூஜ்யம், புள்ளி, பூஜ்யம், பூஜ்யம். இது மாதிரி ஆய்வு, கம்பெனிச் சட்டத்தில் பதிவானவற்றை அது எண்ணவில்லை என்பது உண்மைதான். எங்கோ ஒரு மூலையில் மாதிரிக்குள் அகப்படாமல் நம்மாள் நாலு பேர் இருக்கலாம். இருக்கட்டும். சரி, பதிவான பெரிய கம்பெனிகளின் நிலைமை எப்படி? 2010-ஆம் ஆண்டின் முன்னணி 1000 கம்பெனிகளின் இயக்குநர் குழுக்களை எடுத்து, 2012-ல் 'எகனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லி' இதழில் ஓர் ஆய்வு வந்தது. இயக்குநர்களில் சுமார் 93 சதவீதம் பேர் முன்னேறிய சாதியினர். தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் சேர்ந்தே 3.5 சதவீதம். 'தகுதி, திறமை, போட்டி' என்று காலையிலிருந்து ராத்திரிவரை பேசுகிறவர்கள், நான்கில் ஒரு பங்கு மக்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளுக்குள்ளேயே நடத்திக்கொள்கிற போட்டி இது! ஓட்டப்பந்தயத்தில் பாதிப் பேர் காலைக் கட்டிப்போட்டுவிட்டு 'நான்தான் முதல்' என்பவனுக்கு என்ன பேரோ அதுதான் இவர்களின் போட்டித்திறனுக்கும் பேர்.

12.48 எப்படி 0.00 ஆகிறது? ரகசியம் ஒன்றும் இல்லை. பெட்டிக்கடைக்கு உழைப்பு போதும். பட்டறைக்கு முதல் வேண்டும். முதலுக்குக் கடன் வேண்டும். கடனுக்கு நிலம் வேண்டும். நிலம் எங்கே? செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் தந்த அறிக்கையை ஒட்டி 1892-ல் சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்டோருக்கு என்று ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலம் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர். மற்ற சாதியாருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு தந்த நிலம். அது யார் யார் பட்டாவில் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். அதைக் கேட்டு 1994 அக்டோபரில் காரணையில் போராடியபோது ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அந்த வட்டாரத்து நிலத்தின் இன்றைய விலையை யோசித்துப் பாருங்கள். நிலம் நம் கையில் இருந்திருந்தால் அடமானம் இருந்திருக்கும். அடமானம் இருந்திருந்தால் பட்டறை இருந்திருக்கும். நம்முடைய முதலைப் பிடுங்கிக்கொண்டவன் 'உனக்குத் தொழில் செய்யத் தெரியலை' என்கிறான்!

செங்கோட்டையில் சொன்னதும் கிளையில் நடந்ததும்

அரசு சும்மா இல்லை என்பார்கள். 'ஸ்டாண்ட் அப் இந்தியா' இருந்ததே! 2015 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் நின்று பிரதமர் அறிவித்தார்: நாட்டில் 1.25 லட்சம் வங்கிக் கிளைகள். ஒவ்வொரு கிளையும் குறைந்தது ஒரு தலித் அல்லது பழங்குடித் தொழில்முனைவோருக்கும், ஒரு பெண் தொழில்முனைவோருக்கும் கைகொடுக்கும். 2016 ஏப்ரல் 5, ஜெகஜீவன் ராம் பிறந்தநாளன்று திட்டம் தொடங்கியது. 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன்.

ஏழு வருஷம் கழித்து, 2023 ஏப்ரலில் நிதியமைச்சகமே வெளியிட்ட கணக்கு: மொத்தம் அனுமதித்த கடன்கள் 1,80,636. இதில் பெண்கள் கணக்கில் 1,44,787. தாழ்த்தப்பட்டோர் 26,889. பழங்குடியினர் 8,960. தலித்தும் பழங்குடியும் சேர்த்து 35,849. கிளைக்கு ஒன்று என்று வைத்தால் ஒரே ஒரு சுற்றுக்கே 1.25 லட்சம் வரவேண்டும். ஏழு வருஷத்தில் பத்துக் கிளைக்கு மூன்று கடன்கூடத் தேறவில்லை. பள்ளிக்கூடத்தில் இந்த மார்க்கு வாங்கினால் ஃபெயில். செங்கோட்டையில் வாங்கினால் சாதனை! அடமானம் இல்லாமலே தர உத்தரவாத நிதி இருக்கிறது என்று திட்டம் சொன்னது. ஆனால் கிளைக்குப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள்: 'சொத்து என்ன இருக்கு? ஜாமீன் யார் போடுவா? அடுத்த மாசம் வாங்க.' மறுத்ததைக் காகிதத்தில் எழுதமாட்டார்கள். எழுதாத மறுப்பு எந்தக் கணக்கிலும் வராது.

அடுத்தது அரசுக் கொள்முதல். மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் வாங்குகிற பொருளில் 4 சதவீதம் தலித், பழங்குடித் தொழிலகங்களிடமிருந்து வாங்கவேண்டும் என்று 2012-ல் ஆணை போட்டார்கள். மக்கள்தொகையில் நாலில் ஒரு பங்குக்கு நாலு சதவீதம். அந்த நாலுக்கும் வழியில்லை. 2018-19-ல் வாங்கியது அரை சதவீதத்தைச் சுற்றித்தான். பல வருஷங்களாக 1 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. 'பொருள் தர ஆள் இல்லை' என்பது பதில். ஆள் வளர இடம் தராதவன் சொல்கிற பதில்.

இவர்கள் நமக்கு மனமாரத் திறந்துவிட்ட தொழில்முனைவு ஒன்று உண்டு. 2023-ல் 'நமஸ்தே' என்று ஒரு திட்டம். சாக்கடை, மலக்குழி சுத்தம் செய்கிறவர்களுக்கு மானியக் கடன் தந்து, சுத்தம் செய்யும் இயந்திரம் வாங்கவைத்து, அவர்களை 'சானிப்ரனர்' ஆக்குவார்களாம். சானிடேஷனையும் என்டர்பிரனரையும் ஒட்டித் தைத்த வார்த்தை. மனிதன் குழிக்குள் இறங்கக்கூடாது, இயந்திரம் இறங்கவேண்டும் என்பது நம் கோரிக்கை. அதில் ரெண்டு பேச்சு இல்லை. ஆனால் அந்த இயந்திரத்தை வாங்குவது நகராட்சியின் கடமை. அந்தக் கடமையைக் கடனாக்கி நம் தலையில் கட்டி, அதற்குத் 'தொழில்முனைவு' என்று பேர் வைத்திருக்கிறார்கள். இந்தத் திட்டத்துக்காக எடுத்த கணக்கில், 2024-ல் வெளிவந்தபடி, விவரம் சேகரித்த சுமார் 38,000 தொழிலாளிகளில் 100-க்கு 69 பேர் தலித்துகள். 2019 முதல் 2023 வரை சாக்கடையிலும் மலக்குழியிலும் 377 பேர் செத்ததாக நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. ஐ.டி. பார்க் கட்டியவனுக்கு ஒரே கையெழுத்தில் நிலம். மலக்குழியில் அப்பனைப் பறிகொடுத்தவனுக்கு மாதத் தவணையில் மலக்குழி. மனு செய்த வேலைப் பிரிவினையை இப்போது வட்டியோடு செய்கிறார்கள்.

போட்டித்திறனுக்கு யார் ரத்தம்?

டெல்லியை மட்டும் திட்டிவிட்டு நகர்ந்தால் நம் ஊர் மரக்கால்காரர்கள் சந்தோஷப்படுவார்கள். மத்திய அரசு மாநிலங்களுக்கும் இதே மாதிரி ஒரு பட்டியல் போட்டது. தமிழ்நாடு 2016-ல் 18-ஆம் இடம், அடுத்ததில் 15, அதற்கடுத்து 14. 2022-ல் வந்த பட்டியலில் முன்னணி மாநிலங்களில் ஒன்று. சென்னையில் வெற்றி விழா. பெரியார் மண், சமூகநீதி மண். சரி, சமூகநீதிக்கு இந்தப் பட்டியலில் எத்தனை மார்க்? ஒரு மார்க்கும் கிடையாது.

போட்டித்திறன் என்றால் நடைமுறையில் என்ன அர்த்தம்? பக்கத்து நாட்டைவிட, பக்கத்து மாநிலத்தைவிட மலிவாக ஆள் கிடைக்கும் என்று முதலாளிக்கு உறுதி சொல்வது. 2023 பிப்ரவரியில் கர்நாடகம் 12 மணி நேர வேலைக்குச் சட்டம் திருத்தியது. ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்திலும் அதே வழியில் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம். முதலீட்டாளர்கள் கேட்கிறார்கள் என்பதுதான் சொன்ன காரணம். விடுதலைச் சிறுத்தைகள், இடதுசாரிகள் என்று கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தன. மே 1 அன்று திரும்பப் பெற்றார்கள். இது போராட்டத்தின் வெற்றி. ஆனால் தரவரிசைக் கணக்குப்படி இது 'பின்னடைவு'! எட்டு மணி நேரத்தைக் காப்பாற்றியது யாருடைய அளவில் பின்னடைவோ, அவர்களுடைய அளவை நாம் ஏன் சுமக்கவேண்டும்? டெல்லி அதையும் விடவில்லை. 2025 நவம்பர் 21 அன்று நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. 100 பேருக்கு மேல் வேலை செய்கிற ஆலையை மூட, ஆளைக் குறைக்க அரசு அனுமதி வேண்டும் என்று இருந்தது. அந்த வரம்பு இப்போது 300. உலக வங்கி கணக்கிலிருந்து எடுத்த அந்தப் பழைய தலைப்பு, சட்டமாகத் திரும்பி வந்திருக்கிறது.

மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளைப் பாருங்கள். ஏற்றுமதியில் முன்னணி, தமிழ்நாட்டின் பெருமை. 'சுமங்கலித் திட்டம்' என்று பேர் சொல்லி, மூன்று வருஷம் உழைத்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்று பதின்வயதுப் பெண்களை விடுதிக்குள் அடைத்து வேலை வாங்கியது இந்தப் பெருமைதான். அந்தப் பெண்களில் கணிசமானவர்கள் சேரியிலிருந்து போனவர்கள். 2021 ஜனவரியில் திண்டுக்கல் வட்டாரத்தில் ஓர் ஏற்றுமதி ஆடை ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் ஒருத்தி கொலை செய்யப்பட்டாள். மேற்பார்வையாளர் கைதானார். அந்த ஆலையில் நடந்த பாலியல் தொல்லைகளைத் தலித் பெண்கள் தலைமை தாங்கிய தொழிற்சங்கம் வெளியே கொண்டுவந்தது. அவர்கள் விடாமல் நின்றதால்தான் 2022 ஏப்ரலில் வெளிநாட்டு பிராண்டுகளையும் கட்டுப்படுத்துகிற 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தானது. ஒரு மாநிலத்தின் தொழில் முன்னேற்றத்தை அளக்கிறவன் இந்த ஒப்பந்தத்தை அல்லவா முதலில் எழுதவேண்டும்? எந்தத் தரவரிசையும் எழுதவில்லை.

ரெண்டு பக்கத்து நண்பர்களுக்கும்

இங்கே ரெண்டு பக்கத்திலிருந்து ரெண்டு குரல் வரும். ஒன்று: 'தலித்துகள் முதலாளி ஆவதுதான் விடுதலையா? இது முதலாளித்துவத்துக்கு வால் பிடிக்கிற பேச்சு.' இந்தத் தோழர்கள் மீது நமக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒரு கேள்வி. ஆண்ட பரம்பரைக்காரன் ரைஸ்மில் வைக்கும்போது, கல்லூரி கட்டும்போது, பஸ் விடும்போது இந்தக் கேள்வியை அவன் வீட்டு வாசலில் நின்று எத்தனை தடவை கேட்டீர்கள்? நாலு பேர் தலித் கோடீஸ்வரன் ஆவதால் சேரி விடிந்துவிடும் என்று நாம் நம்பவில்லை. அந்த நாலு பேர் படத்தைப் பெரிதாகப் போட்டு 'பார்த்தீங்களா, சாதி ஒழிஞ்சுபோச்சு' என்று விளம்பரம் செய்ய அரசு காத்திருக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். நாம் கேட்பது பிச்சையும் இல்லை, கோடீஸ்வரப் பட்டமும் இல்லை. நம் உழைப்பில், நம் நிலத்தில், நம் வரிப்பணத்தில் உருவான முதலில் நம் பங்கு.

இன்னொரு குரல்: 'தமிழ்நாட்டு அரசு தனியாகத் திட்டமே வைத்திருக்கிறதே.' ஆமாம். 2023-ல் 'அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம்' வந்தது. 35 சதவீத முதலீட்டு மானியம், அதிகபட்சம் 1.5 கோடி. நல்ல திட்டம், வரவேற்கிறோம். அம்பேத்கர் பேரைத் தொழிலோடு சேர்த்து வைத்ததில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் பேர் வைத்ததோடு கணக்கு முடியாது. விண்ணப்பம் எத்தனை, வங்கி தள்ளுபடி செய்தது எத்தனை, மூன்று வருஷம் கழித்து உயிரோடு இருக்கிற தொழில் எத்தனை, அதில் பெண்கள் எத்தனை, அருந்ததியர் எத்தனை? இதை மாவட்டம் மாவட்டமாக அரசு பலகையில் எழுதிப்போடட்டும். அப்போது பாராட்டுவோம்.

நம்முடைய மரக்கால்

அவர்கள் மரக்காலைக் குறை சொன்னால் மட்டும் போதாது. நாம் ஒன்று செய்யவேண்டும். படிக்கிற தம்பி தங்கைகளே, இது உங்கள் வேலை. ஒரு அரசு தொழில்துறையில் முன்னேறியதா என்று சேரி கேட்கிற கேள்விகள் இவை:

ஒன்று: இந்த மாவட்டத்து வங்கிகளில் தலித்துகள் கேட்ட தொழில்கடன் எத்தனை, தந்தது எத்தனை, மறுத்தது எத்தனை? மறுப்பு எழுத்தில் இருக்கிறதா?

ரெண்டு: மாவட்டத்து அரசு அலுவலகங்கள், ஆஸ்பத்திரிகள், விடுதிகள் வாங்குகிற பொருளில் 100 ரூபாய்க்கு எத்தனை ரூபாய் நம் தொழிலகங்களுக்கு வந்தது?

மூன்று: சிப்காட், சிட்கோ மனைகளில் தலித்துகளுக்கு ஒதுக்கியவை எத்தனை? ஒதுக்கியதில் உண்மையாக நம்மாள் நடத்துவது எத்தனை, பினாமி எத்தனை?

நாலு: அந்தத் தொழிற்பேட்டைகளுக்கு எடுத்த நிலத்தில் பஞ்சமி நிலம் எவ்வளவு? இந்த வருஷம் மீட்ட பஞ்சமி நிலம் எவ்வளவு?

ஐந்து: ஊர்த்தெருவில், கடைவீதியில் தலித் நடத்துகிற ஓட்டல், டீக்கடை எத்தனை? அதில் ஊர்க்காரன் சாப்பிடுகிறானா?

ஆறு: ஆலைகளில் வேலை நேரம் எத்தனை, சங்கம் உண்டா, சம்பளம் சட்டப்படி வருகிறதா?

ஏழு: மலக்குழியில் செத்தவர்கள் எத்தனை? பூஜ்யம் என்று எழுத எந்த மாவட்டத்துக்கு முடியும்?

இதில் அஞ்சாவது கேள்விக்கு விடை தேட நீங்கள் உங்கள் ஊரைச் சுற்றி நடந்தாலே போதும். மற்றதற்கு 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், ஒரு வெள்ளைத்தாள். மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒன்று, தாட்கோவுக்கு ஒன்று, பொதுத்துறை வங்கியின் முன்னோடி வங்கி அலுவலகத்துக்கு ஒன்று, வட்டாட்சியருக்கு ஒன்று. 30 நாளில் பதில் தரவேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு. ஒரு மாவட்டத்துக்குப் பத்து மாணவர்கள் போதும். ஒரு வருஷத்தில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களுக்கும் சேரி போட்ட தரவரிசை நம் கையில் இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு சட்டமன்றத்து வாசலுக்குப் போவோம்.

0.00 என்ற எண்ணை அரசாங்கமே அச்சடித்தது. நாம் போராடி வாங்கிய சாதிவாரிக் கணக்குப் பத்தி அந்த அட்டவணையில் இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பூஜ்யம்கூட வெளியே தெரிந்திருக்காது. கணக்கில் நம் பத்தி இருக்கவேண்டும் என்று கேட்பது சாதியை வளர்ப்பதற்காக இல்லை. சாதி எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டுவதற்காக. இனிமேல் எந்த மந்திரி வந்து எந்த மேடையில் நின்று 'நாடு இத்தனை படி ஏறிவிட்டது' என்று சொன்னாலும், கூட்டத்திலிருந்து ஒரு குரல் எழவேண்டும்:

'சரிங்க ஐயா. நடுத்தரத் தொழிலில் எங்க பங்கு பூஜ்யத்திலிருந்து எத்தனை படி ஏறிச்சு? அதைச் சொல்லிட்டு மத்ததைப் பேசுங்க.'